எல்லாத் துறைக்கும் ஒரு பாலாறு



கடல் கடந்தும் தமிழை விடாத சொந்தங்களே, பட்டிமன்றத்துக்கும் விருந்துக்கும் நடுவே பாடத்திட்டம் பற்றிப் பேச வந்திருக்கிறேன். சுருக்கமாகவே முடிப்பேன்.

வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில், சுற்றுச்சூழல் கல்வியைக் கட்டாயமாக்க வழி செய்யுமாறு 1991-இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. பின்னர், பல்கலைக்கழக மானியக் குழு இளநிலை மாணவர்கள் அனைவருக்கும் 50 வகுப்புகள் கொண்ட பாடத்திட்டத்தை வகுத்தது. நல்ல காரியம்தான். ஆனால் நடைமுறையில் அது ‘ஈ.வி.எஸ்.’ என்ற இன்னொரு தாளாகிப் போனது. பிள்ளைகள் கைடு வாங்கினார்கள், உருப்போட்டார்கள், தேறினார்கள், மறந்தார்கள். அந்தத் தாளின் காற்று மற்றப் பாடங்களின் பக்கம் வீசவே இல்லை.

வளங்குன்றா வளர்ச்சியைத் தனித் தாளாக ஒதுக்கி வைத்தால் போதாது. ஒவ்வொரு துறையும் அதைத் தன் பாடத்துக்குள்ளேயே நடத்த வேண்டும். முடியுமா என்பீர்கள். பாலாற்றையே எடுத்துக்கொள்வோம்.

வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைப் பகுதித் தோல் தொழிற்சாலைகளின் கழிவுநீர் பாலாற்றில் கலப்பதை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் வழக்குத் தொடுத்தது. 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பு வந்தது. ஒரு கிலோ தோலைப் பதனிட ஏறக்குறைய 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது. சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுமையாகவோ பகுதியாகவோ பாழாகிவிட்டது. தீர்ப்பில் பதிவான விவரங்கள் இவை. தோல் தொழில் அந்நியச் செலாவணியும் வேலைவாய்ப்பும் தருவதை நீதிமன்றம் மறுக்கவில்லை. ஆனாலும் மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்ற கொள்கை நாட்டின் சட்டத்தில் அடங்கியது என்று அறிவித்தது.

இப்போது வகுப்பறைக்கு வாருங்கள். ஆவாரம்பட்டையில் பதனிட்ட காலம் போய் குரோமியம் உப்பு வந்ததால் கழிவில் என்ன மாறியது என்பது வேதியியல் பாடம். செருப்பின் விலையில் பாழான கிணற்றின் விலை ஏன் சேரவில்லை என்பது வணிகவியல் கணக்கு. ஆலைத் தொழிலாளியின் தோல் நோய் மருத்துவப் பாடம். நீர்நிலையைப் பராமரிக்க ஏரி வாரியம் அமைத்ததைச் சொல்லும் பத்தாம் நூற்றாண்டு உத்திரமேரூர்க் கல்வெட்டு வரலாற்றுப் பாடம். புதிதாக ஒரு தாளும் வேண்டாம். இருக்கும் பாடத்தில் எடுத்துக்காட்டை மாற்றினாலே போதும்.

இந்த அரங்கில் பேராசிரியர்கள் இருக்கிறீர்கள், பொறியாளர்கள், மருத்துவர்கள், கணக்காளர்கள் இருக்கிறீர்கள். பாடம் நடத்துபவர்கள் அடுத்த பருவத்தில் ஒரு பாடத்தையாவது இப்படி நடத்திப் பாருங்கள். மற்றவர்கள் நீங்கள் படித்த ஊர்க் கல்லூரியைத் தொடர்புகொண்டு, உங்கள் துறையிலிருந்து ஒரு வகுப்பை இணையவழியே எடுங்கள். கல்லூரிக்கு நாம் அனுப்பும் நன்கொடையைவிட அந்த ஒரு மணி நேரம் அதிகம் பயன் தரும்.