ஸ்போர்ட்ஸ் காருக்கு சஸ்பென்ஷன் மாத்துறதுக்கு முன்னாடி

இந்த எபிசோட்ல ஒரே ஒரு கேள்வியைத்தான் எடுத்துக்கப் போறோம். இங்கிலாந்துல கோவென்ட்ரியில் வேலை பார்க்கிற நேயர் ஒருத்தர் அனுப்பினது. மஸ்தா எம்எக்ஸ்-5, இரண்டாம் தலைமுறை கார், செகண்ட் ஹேண்டில் வாங்கியிருக்கார். தினமும் ஆபீசுக்கும் அதுதான், லீவு நாள்ல வேல்ஸ் மலைப்பாதைக்கும் அதுதான். கையில் ஆயிரம் பவுண்ட் இருக்காம். "எந்த காயில்ஓவர் போடலாம் ப்ரோ? நல்லா கீழ இறக்கணும், வளைவுல அசையவே கூடாது" என்று கேட்டிருக்கார்.

பிராண்டு பெயருக்கு அப்புறம் வர்றேன். முதல்ல அந்த ரெண்டு ஆசையைப் பார்ப்போம். இறக்கணும், இறுக்கணும்.

சஸ்பென்ஷனோட முதல் வேலை டயரைத் தரையில் அழுத்தி வைக்கிறது. கார் முழுக்க ரோட்டைத் தொடுறது நாலே நாலு உள்ளங்கை அளவு ரப்பர். அது தரையை விட்டு எழும்பின நொடியில் பிரேக்கும் இல்லை, ஸ்டியரிங்கும் இல்லை. ரேஸ் டிராக் வழவழன்னு இருக்கும், அங்கே இறுக்கமான ஸ்பிரிங் செல்லும். பள்ளமும் ஒட்டுப்போட்ட தாரும் இருக்கிற ரோட்டுல அதே ஸ்பிரிங் டயரைத் துள்ள வைக்கும்.

இதை நம்பரா பார்க்கலாம். பிசிக்ஸ் லேப்ல ஸ்பிரிங்ல எடையைத் தொங்கவிட்டு, ஸ்டாப்வாட்ச் வெச்சு ஆட்டத்தை எண்ணினோம் இல்லையா, அதே கணக்குதான் இங்கேயும். சொகுசா போற குடும்பக் கார் நொடிக்கு ஒரு தடவைக்குக் கொஞ்சம் கூட, அதாவது 1 ஹெர்ட்ஸுக்கு மேல ஆடும். ரோட்டுல ஓட்டுற ஸ்போர்ட்ஸ் கார் 1.5 பக்கம் இருக்கும். 2-ஐத் தாண்டினா டிராக் பக்கம் போயிட்டோம்னு அர்த்தம்.

கார் தன் எடையால ஸ்பிரிங்கை எவ்வளவு அமுக்கி உட்கார்ந்திருக்குன்னு இதிலிருந்தே கண்டுபிடிக்கலாம். 1 ஹெர்ட்ஸ்னா சுமார் 25 செ.மீ., 1.5 ஹெர்ட்ஸ்னா 11 செ.மீ., 2 ஹெர்ட்ஸ்னா வெறும் 6 செ.மீ. பள்ளம் வரும்போது ஸ்பிரிங் சக்கரத்தைக் கீழே தள்ளணும். அந்த அமுக்கம் தீர்ந்துட்டா தள்ளுறதுக்கு ஒண்ணும் மிச்சமில்லை. 6 செ.மீ. ஸ்பிரிங்கோட ஒரு ஆழமான பள்ளத்தைச் சந்திச்சா சக்கரம் அந்தரத்துல நிக்கும்.

அடுத்தது டேம்பர், நம்ம பேச்சுல ஷாக் அப்சார்பர். ஸ்பிரிங் சக்தியைச் சேமிச்சுத் திருப்பிக் கொடுக்கும், டேம்பர் அதை வெப்பமா மாத்தி அடக்கும். ரெண்டும் ஜோடி சேரணும். ஸ்பிரிங்கை ரெண்டு மடங்கு இறுக்கமாக்கினா, ஆட்டம் சுமார் 1.4 மடங்கு வேகமாகும். டேம்பரோட பலமும் அதே 1.4 மடங்கு ஏறணும். இருபது வருஷப் பழைய டேம்பர் மேல புது லோயரிங் ஸ்பிரிங் மட்டும் போட்டா, அடக்க ஆளில்லாமல் கார் குதிச்சுக்கிட்டே போகும்.

இப்போ இறக்குறது. காரை 4 செ.மீ. இறக்கினா, சக்கரம் மேலே வர்றதுக்கு இருக்கிற இடத்துல 4 செ.மீ. போச்சு. அந்த இடம் முடியிற இடத்துல பம்ப் ஸ்டாப்னு ஒரு ரப்பர் கட்டை இருக்கும். இந்த எம்எக்ஸ்-5-ல கம்பெனி உயரத்திலேயே அந்த இடம் தாராளம் கிடையாது. மழையில் நனைஞ்ச மலைப்பாதை, வேகமா ஒரு வளைவு. வெளிப்பக்கச் சக்கரம் ஏற்கெனவே அமுங்கியிருக்கு. நடுவுல ஒரு மேடு. ரப்பர் கட்டையில் இடிச்சதும் ஸ்பிரிங் திடீர்னு கல்லு மாதிரி ஆகும், டயர் பிடியை விடும். பின்சக்கரத்துல இது நடந்தா வண்டியோட வால் சுத்தும். இதுல வேடிக்கை என்னன்னா, உள்ளே இருக்கிறவருக்கு 'சஸ்பென்ஷன் செம டைட்டா இருக்கு' என்றுதான் தோணும். முதுகு வலியையும் அதே கணக்குல சேர்த்துக்குவார்.

எம்எக்ஸ்-5-க்கு முன்மாதிரியா நின்ற கார் 1962-ல வந்த லோட்டஸ் எலான். எடை ரொம்பக் குறைவு, ஸ்பிரிங் மெத்து, சக்கரம் மேலும் கீழும் போக நிறைய இடம். வளைவுல நல்லாவே சாயும். ஆனா ஓட்டுறதுக்கு அருமையான கார்னு இன்னிக்கும் பேர் வாங்கிட்டிருக்கு. சாயுறது வேற, பிடி இழக்கிறது வேற.

சரி, கடைக்குப் போவோம். மூணு வழி இருக்கு.

முதல் வழி, உயரத்தையும் ஸ்பிரிங்கையும் தொடாம நல்ல டேம்பர் மட்டும் மாத்துறது. பில்ஸ்டைன் பி6, கோனி ஸ்போர்ட் எல்லாம் இந்த வகை. கோனியில், ஸ்பிரிங் நீளும்போது டேம்பர் எவ்வளவு தடுக்கணும்னு நாமே திருகி மாத்திக்கலாம்.

ரெண்டாவது, 2 அல்லது 2.5 செ.மீ. இறக்குற ஸ்பிரிங், கூடவே அதுக்குன்னே நீளம் குறைச்ச டேம்பர். பில்ஸ்டைன் பி8 அந்த ரகம். ரெண்டையும் ஜோடியாத்தான் வாங்கணும்.

மூணாவது, காயில்ஓவர். கேடபிள்யூ கம்பெனியில் வேரியன்ட் 1-க்கு உயரம் மட்டும் மாத்தலாம். 2-ல் ஸ்பிரிங் நீளும்போதுள்ள டேம்பிங்கும், 3-ல் அமுங்கும்போதுள்ளதும் சேர்ந்து வரும். ஓலின்ஸ் ரோடு அண்ட் டிராக்கும் நல்ல சரக்கு, விலையும் அப்படித்தான். மலிவு செட்டுல '32 கிளிக்'னு பெருமையா போட்டிருப்பாங்க. செட்டிங்ஸ் பக்கத்துல 32 ஆப்ஷன் இருக்கிறதால ஒரு ஆப் நல்ல ஆப் ஆயிடுமா? விற்கிறவர்கிட்ட மூணு கேள்வி கேளுங்க. ஸ்பிரிங் ரேட் என்ன? இறக்கின பிறகு பம்ப் ஸ்டாப் வரைக்கும் எத்தனை செ.மீ. மிச்சம்? டேம்பரைத் திரும்ப சர்வீஸ் பண்ண முடியுமா? பதில் வரலைன்னா நகர்ந்துடுங்க.

கோவென்ட்ரி நண்பருக்கு இன்னொரு விஷயம். இந்தத் தலைமுறை எம்எக்ஸ்-5-ல பக்கவாட்டு சில்லும், முன்பக்க சேஸிஸ் ரெயிலும் துருப்பிடிக்கிறது ஊரறிஞ்ச சங்கதி. இங்கிலாந்துல குளிர்காலத்துல ரோட்டுல உப்பு வேற போடுவாங்க. அதனால டேம்பர் ஆர்டர் பண்றதுக்கு முன்னாடி காரை லிஃப்ட்ல ஏத்தி அடியைப் பாருங்க. கீழ் ஆர்ம்ல அலைன்மென்ட் வைக்கிற நீளமான போல்ட்டுகள் புஷ்ஷோட சேர்ந்து இறுகிப்போயிருக்கும். அது சுத்தலைன்னா, எவ்வளவு விலைக்கு டேம்பர் வாங்கினாலும் கேம்பர் சரி பண்ண முடியாது. ரப்பர் புஷ் மாத்தினா, கார் தன் எடையில் உட்கார்ந்த நிலையில்தான் போல்ட்டை இறுதியா முறுக்கணும். தொங்கவிட்டு முறுக்கினா புஷ் எப்பவும் முறுங்கியே இருந்து சீக்கிரம் கிழியும். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் மாத்தினதைச் சொல்லிடுங்க. மறைச்சா, விபத்து நடந்த அன்னிக்கு கிளெய்ம் சிக்கலாகும்.

ஆக, அந்த ஆயிரம் பவுண்டுக்கு என் வரிசை இது: துரு, போல்ட், புஷ். அப்புறம் நல்ல டயர். அப்புறம் கம்பெனி உயரத்திலேயே நல்ல டேம்பர். கடைசியா அலைன்மென்ட். ஒரு குளிர்காலம் ஓட்டிப் பாருங்க. அதுக்கப்புறமும் வளைவுல குறை தெரிஞ்சா, ஸ்பிரிங்கைப் பத்தி மறுபடியும் எழுதுங்க. ஃபோட்டோல கார் கொஞ்சம் உயரமாத்தான் தெரியும். மழை நாள்ல வேல்ஸ்ல இருந்து முழுசா வீடு வந்து சேருவீங்க.

உங்க கார் கேள்விகளையும் அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.