டமாஸ்கஸுக்கு வெளியே ஒரு வகுப்பு

இன்று பட்டம் பெறும் பார்மசி மாணவ மாணவியரே, இந்த நேரத்தை என் விருப்பத்துக்குச் செலவிடப்போகிறேன்.

நான் வாழ்நாள் முழுக்க, மூலிகைச் சரக்குகளை இனங்காணக் கற்றுத்தரும் பார்மகாக்னசி பாடம் நடத்தியவன். உங்களில் பலர் ரெக்கார்ட் நோட்டில் படம் வரைந்தே வெறுத்துப்போன பாடம் அது. அந்தப் பாடத்தின் முன்னோர்களில் எனக்கு மிகப் பிடித்த ஒருவரை உங்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டும்.

இப்னு அல்-பைத்தார். ஸ்பெயினின் தென்கரையிலுள்ள மலாகாவில் பன்னிரண்டாம் நூற்றாண்டின் இறுதியில் பிறந்தார். செவில் நகரில் அபுல் அப்பாஸ் அந்நபாத்தி என்ற தாவர அறிஞரிடம் படித்தார். ஆசிரியரோடு காடுமேடெல்லாம் செடி தேடி அலைந்ததும் அந்தப் படிப்பில் சேர்த்தி. இளவயதிலேயே ஊரை விட்டுக் கிளம்பி, வட ஆப்பிரிக்கா வழியாகச் சின்ன ஆசியா வரை போனார். பிறகு எகிப்தில் அய்யூபி சுல்தான் அல்-காமிலிடம் மூலிகையாளர்களுக்குத் தலைவரானார். 1248இல் டமாஸ்கஸில் காலமானார்.

மருந்துகளையும் உணவுப் பொருள்களையும் பற்றி அவர் தொகுத்த பெருநூலில் ஏறத்தாழ 1400 பொருள்கள் அகரவரிசையில் இருக்கின்றன. அவற்றில் சுமார் 300 அதற்கு முன் எந்த நூலிலும் இல்லாதவை என்பார்கள். சுமார் 150 ஆசிரியர்களை மேற்கோள் காட்டுகிறார். பிறர் சொன்னது எது, தான் சொல்வது எது என்று பிரித்தும் குறித்திருக்கிறார். முன்னுரையில் தன் கொள்கையைச் சொல்லிவிடுகிறார்: நேரில் பார்த்தும் சோதித்தும் சரி என்று கண்டதை வைத்துக்கொள்வேன், மாறாகக் கண்டதை, சொன்னவர் யாராக இருந்தாலும் ஒதுக்குவேன். பழைய ஏடுகளை நம்பியே எழுதிய வைத்தியர்களின் பிழைகளைக் காட்டுவதும் நூலின் நோக்கங்களில் ஒன்று என்கிறார். கொஞ்சம் கர்வம் பிடித்தவர் போலத் தோன்றும். ஆனால் அவருடைய மாணவர் சொல்வதைக் கேளுங்கள்.

இப்னு அபீ உஸைபியா என்ற அந்த மாணவர், பின்னாளில் மருத்துவர்களின் வரலாற்றை எழுதிப் புகழ் பெற்றவர். டமாஸ்கஸ் நகருக்கு வெளியே ஆசிரியரோடு செடி பார்க்கப் போனதை எழுதிவைத்திருக்கிறார். ஒரு மருந்தை எடுத்துக்கொண்டால், ஆசிரியர் முதலில், பழங்கால மருந்து நூலாசிரியர் டயாஸ்கோரிடிஸ் அதைப் பற்றிக் கிரேக்கத்தில் எழுதியதைச் சொல்வாராம். அடுத்து, பழங்கால மருத்துவர் கேலன் சொன்னது. அதற்குப் பின் வந்தவர்கள் எங்கே முரண்பட்டார்கள், யார் எங்கே தவறினார்கள் என்பது. மாணவர் லேசுப்பட்டவர் இல்லை. திரும்பி வந்து நூல்களைப் புரட்டிச் சரிபார்த்திருக்கிறார். ஒன்றும் விடுபடவில்லை. அவரை அசரவைத்தது இன்னொன்று: அந்த மருந்து டயாஸ்கோரிடிஸ் நூலின் எந்தப் பகுதியில் வருகிறது, அந்தப் பகுதியில் எத்தனையாவது மருந்து என்பதையும் ஆசிரியர் சொல்லிவிடுவாராம். செடி கண்ணெதிரே, நூல் நினைவில்! இரண்டையும் ஒன்றோடொன்று உரசிப் பார்க்கிறார். நான் பார்த்தவரையில் பலருக்கு இரண்டில் ஒன்றுதான் வாய்க்கிறது.

இதெல்லாம் பழங்கதை, இன்றைக்கு மருந்தைப் பகுத்துக் காட்டும் எச்.பி.எல்.சி. கருவி இருக்கிறதே என்று பின்வரிசையில் யாரோ நினைப்பது எனக்குக் கேட்கிறது. 1990களின் தொடக்கத்தில் பிரஸ்ஸல்ஸில், உடல் மெலிவதற்காகச் சீன மூலிகைப் பொடி கொடுத்தார்கள். ஸ்டெபானியா வேர் இருக்க வேண்டிய இடத்தில் அரிஸ்டோலோக்கியா வேர் வந்துவிட்டது. சீனத்தில் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே பெயர். பொடித்த பிறகு வெறும் கண்ணுக்கு வித்தியாசமும் தெரியாது. நூற்றுக்கு மேற்பட்டோருக்குச் சிறுநீரகம் பழுதானது; சிலருக்குப் பின்னர் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வந்தது. அந்த அரிஸ்டோலோக்கியா யாரோ அந்நியர் இல்லை, நம் ஆடுதீண்டாப்பாளையின் பேரினம்தான். கருவிகள் எல்லாம் இருந்தன. வந்த சரக்கு எது என்று கேட்க ஆள் இல்லை.

குறைந்த, நடுத்தர வருமான நாடுகளில் பத்தில் ஒரு மருந்து தரமற்றதாகவோ போலியாகவோ இருக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2017இல் மதிப்பிட்டது. நாளை நீங்கள் ஆலையில் தரக்கட்டுப்பாட்டில் உட்காரலாம், மருந்துக்கடை கவுன்டரில் நிற்கலாம். அந்தப் பத்தில் ஒன்று உங்கள் கையெழுத்தைத் தாண்டித்தான் நோயாளியிடம் போகும்.

நான் படித்த காலத்தில் எங்கள் பேராசிரியர் பெயர் எழுதாத பொட்டலங்களை மேசையில் பரப்பிவிட்டு, “இது என்ன சரக்கு?” என்பார். மைக்ராஸ்கோப்புக்குப் போவதற்கு முன் முகர்ந்து பார், நாக்கில் வை என்பார். நிலவாகைப் பொடியை ஆர்வக்கோளாறில் சற்று அதிகமாகவே ருசித்த என் அறை நண்பன் மறுநாள் வகுப்புக்கு வரவில்லை. காரணத்தை பார்மசி பட்டதாரிகளுக்கு விளக்க வேண்டியதில்லை. அந்த நிலவாகையும் அரபு வைத்தியம் உலகுக்குக் கொடுத்த கொடைதான். மக்காவின் பெயரோடு சேர்த்து சனா என்பார்கள். நம் தென்மாவட்டக் கரிசலில் வேரூன்றி, ஐரோப்பிய மருந்து நூல்களில் திருநெல்வேலி சென்னா என்றே பெயர் வாங்கிவிட்டது. அலெக்சாண்டிரியா சரக்கையும் நம் சரக்கையும் பிரித்துச் சொல்ல, இலையின் நரம்புகளுக்கிடையே உள்ள திட்டுகளை எண்ண வேண்டும். கண் வலிக்க எண்ணியிருக்கிறோம். வைவாவில் அதைக் கேட்டு நானும் பல தலைமுறைகளை அழவைத்திருக்கிறேன். அதற்காக மன்னிப்பெல்லாம் கேட்கப்போவதில்லை.

முதல் சம்பளத்தில் அம்மாவுக்குப் புடவை எடுங்கள். மீதியில் பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் சின்னக் கைலென்ஸ் ஒன்று வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.