மலைக்காடும் கோமுகியும்

(திருக்குடமுழுக்கு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கருவறையில் திருமுழுக்காட்டிய நீர் வெளிப்போதரும் வாயிலுக்குக் கோமுகி என்று பெயர். கல்வராயன் மலையினின்று இறங்கிக் கள்ளக்குறிச்சிச் சீமையை வாழ்விக்கும் ஆற்றுக்கும் அதுவே பெயர். மலை இலிங்கமாகவும், மழை திருமுழுக்காகவும், ஆறு அதன் தீர்த்தமாகவும் முன்னோர் கண்ட காட்சிபோலும் இது.

யாகசாலையில் ஒன்பது கோள்களுக்கும் உரிய சமித்துக்களை எண்ணிப் பார்த்தல் நன்று. எருக்கு, புரசு, கருங்காலி, நாயுருவி, அரசு, அத்தி, வன்னி, அறுகு, தருப்பை எனக் காடும் கரம்புமே வரிசையாக வந்து நிற்கின்றன. பழைய திருப்பணிகளில் சுண்ணச்சாந்துக்கு வலிமை தந்த கடுக்காயும் மலைபடு பொருளே. ஊர் நடுவே கோயில் நின்றாலும் அதன் வேர் மலையில் இருக்கிறது.

இம்மலையிற் பிறக்கும் மணிமுத்தாறு திருமுதுகுன்றம் எனும் விருத்தாசலத்தைத் தொட்டுச் செல்வது. சுந்தரமூர்த்தி சுவாமிகள் பன்னீராயிரம் பொன்னை அந்த ஆற்றில் இட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்த வரலாற்றைச் சைவர் எல்லோரும் அறிவர். ஆற்றில் இட்டுக் குளத்தில் தேடுதல் என்பதை உலகோர் பேதைமைக்கு உவமை கூறுவர். மலைக்காட்டின் திறத்தில் அது நாள்தோறும் நிகழும் உண்மை. மரங்கள் உதிர்த்த சருகும் வேரும் மழையைத் தாங்கி மண்ணுள் இறக்கி, மாதக்கணக்கில் ஊற்றாகக் கசியவிடுகின்றன. மலையில் சேமித்த அந்நீரே கீழ்நாட்டு ஏரியிலும் கிணற்றிலும் எடுக்கப்படுகிறது. சரிவு மொட்டையானால் அதே மழை ஒரே நாளில் மண்ணையும் வாரிக்கொண்டு ஓடும். அம்மண் 1965ஆம் ஆண்டில் கச்சிராயபாளையத்தருகே எழுந்த கோமுகி அணையின் வயிற்றில் வண்டலாய்த் தங்கும்; அணையின் உயரம் குறையாது, கொள்ளும் நீர் குறையும்.

காட்டை அழித்தவர் மலைவாழ் மக்களே என்று சமவெளியில் எளிதாகச் சொல்லிவிடுகின்றனர். அது நியாயமன்று. சந்தனமரம் களவாய் வெட்டப்பட்டது மலையில். விலை கொடுத்து வாங்கிய கைகள் கீழே இருந்தன. 1976ஆம் ஆண்டுவரை ஜாகீர்தார்களின் கீழ்க் கூலியின்றி உழைக்க நேர்ந்த குடிகள் இம்மலையாளிகள். காஞ்சியினின்று தம் தெய்வத்தைச் சுமந்து வந்ததாகக் கூறும் வழக்குடைய அம்மக்கள், சாமிக்கு விட்ட சோலையில் கோடரி வைக்க அஞ்சுவர். அந்த அச்சம் பல நூறு காவலர் செய்யும் பணியைச் செய்தது. அதனை மூடநம்பிக்கை என்று நகைத்தோர் அதனிடத்தில் வேறொன்றை வைத்தாரில்லை.

ஊரார் முனைந்தால் காவல் நிலைக்கும் என்பதற்குச் செங்கற்பட்டுச் சீமையின் வேடந்தாங்கல் சான்று. ஏரிப் பறவைகளைத் துப்பாக்கியேந்தியோர் சுட்டபோது, பறவைகளின் எச்சம் கலந்த நீர் வயலுக்கு உரமாவதை அறிந்த உழவர்கள் ஆட்சியரிடம் முறையிட்டு, 1798இல் காவலுரிமை பெற்றனர். 1858இல் அதனைப் புதுப்பித்தும் கொண்டனர். பறவை நூல் கற்றவர் எவரும் அவர்களுக்குப் பாடம் சொல்லவில்லை. இக்காலத்திலோ சட்டமே துணை நிற்கிறது: 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், காட்டையும் நீர்ப்பிடிப்பு நிலத்தையும் காக்கும் அதிகாரத்தை மலையூர்க் கிராம சபைக்கே அளித்துள்ளது. ஆயினும் மாசி, பங்குனியில் சருகில் தீப்பற்றினால் இரவெல்லாம் பச்சைத் தழை கொண்டு அடித்து அணைப்போருக்குக் கஞ்சி வார்ப்பவர் யார்? நீரைத் துய்ப்போர் கீழேயும், காப்போர் மேலேயும் இருக்க, கைம்மாறு மட்டும் வழியில் நின்றுவிடுகிறது.

திருப்பணிக்கு வாரி வழங்கிய செல்வர்கள் இவ்வறத்தையும் திருப்பணிக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுதல் தகும். மலையூர்ச் சபையார் கேட்பதைக் கேட்டறிந்து கொடுத்தல் வேண்டும். கீழிருந்து திட்டம் வகுத்து அனுப்புதல் வேண்டா. தீத்தடுப்புக் கோடு வெட்டும் ஆட்களுக்குக் கோடையில் கூலி, நாற்றங்காலுக்கு விதையும் வேலியும் என அவர்கள் தேவை சிறிதாகவே இருக்கும். கோயில் நந்தவனத்தில் வன்னி, அத்தி, புரசு, கருங்காலிக் கன்றுகளை மழைக்கு முன் நடலாம். மண்டலாபிடேகம் 48 நாளில் நிறைவெய்தும். கன்றுக்கோ மூன்று கோடையேனும் நீர் வார்க்க வேண்டும். குழல்விளக்கில் பெயர் எழுதுவித்து ஒளியை மறைக்கும் அன்பர்கள் கன்றுக்கும் பெயர்ப்பலகை வேண்டுவராயின் தாராளமாக வைத்துக்கொள்ளட்டும். ஆடு புகாத வேலியை மட்டும் முதலில் போடுக.