பொன்வயலும் வெள்ளித்திரையும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

ஆண்டுதோறும் இம்மேடையில் திருக்குறளும் சிலம்பும் முழங்கக் கேட்டுப் பழகியவர்கள் நீங்கள். இவ்வாண்டு சங்கத்தார் எம்மை அழைத்து, "ஓயாமல் படம் பார்ப்பவர்களாயிற்றே, படங்களைப் பற்றியே பேசுங்கள்" என்று பணித்துவிட்டார்கள். நாம் திறனாய்வாளர் அல்லோம். காசு கொடுத்து, வரிசையில் நின்று, இடிபட்டு, பெஞ்சில் அமர்ந்து படம் பார்த்தவர்கள். நல்ல காட்சி வந்தபோது சீழ்க்கை அடித்ததும் உண்டு. அந்த உரிமை ஒன்றே எமக்குரிய தகுதி.

பெங்களூருக்கு வேலைக்கும் கல்விக்கும் செல்லும் நம் பிள்ளைகள் சில ஆண்டுகளாக ஒரு புதிய தொல்லைக்கு ஆளாகி வருகிறார்கள். ஊர் எது என்று கேட்டால் கே.ஜி.எஃப். என்கிறார்கள். கேட்டவர் உடனே தம் தாடையைத் தடவிக்கொண்டு, "ராக்கி பாய் ஊரா?" என்று நகைக்கிறார். முன்னாளில் இதே பெயரைச் சொன்னால், "தங்கம் எடுப்பார்களே, அந்த ஊரா?" என்று கேட்பார்கள். இரு வினாக்களுக்கும் இடையே நம்முடைய நூறாண்டு வாழ்க்கை எங்கே போயிற்று என்பதுதான் இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

2018 டிசம்பர் 21ஆம் நாள் 'கே.ஜி.எஃப்.' முதற் பாகம் வெளிவந்தது. இரண்டாம் பாகம் 2022 ஏப்ரல் 14இல் வந்தது. பிரசாந்த் நீல் இயக்கினார், யஷ் நடித்தார். கன்னடத்தில் எடுத்துப் பிறமொழிகளிலும் வெளியிட்ட இப்படங்களுள் இரண்டாவது ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல் ஈட்டியது. படப்பிடிப்பின் ஒரு பகுதி நம் சயனைடு மேட்டிலேயே நடந்தது என்பதை நீங்கள் அறிவீர்கள். நாம் பிறந்த நாள் முதல் கண்டு சலித்த அந்தச் சாம்பல் நிற மேட்டைத் திரையில் கண்டபோது எமக்கே அடையாளம் தெரியவில்லை. அத்துணைப் பெருமிதத்தோடு நின்றது! படம் அலுக்கவில்லை என்பதையும் மறைக்க மாட்டோம். தாய்க்குக் கொடுத்த வாக்குக்காக ஒருவன் உலகையே எதிர்க்கிறான் என்னும் கதையில், எம்.ஜி.ஆர். படங்களில் ஊறிய நம் நெஞ்சம் எப்படி உருகாமல் இருக்கும்?

ஆனால் அன்று எம் பக்கத்து இருக்கையில், எங்கள் லைனைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் அமர்ந்திருந்தார். சாம்பியன் ரீஃபில் முப்பதாண்டு உழைத்தவர். பேரப் பிள்ளைகள் வற்புறுத்தி அழைத்து வந்திருந்தார்கள். கொட்டகை முழுதும் ஆரவாரிக்க, அவர் மட்டும் கைகட்டி அமர்ந்திருந்தார். இடைவேளையில், "எப்படி இருக்கிறது ஐயா?" என்று வினவினோம். சிறிது நேரம் யோசித்து, "எல்லாம் சரி தம்பி. கேஜ் எங்கே? சம்பள நாள் எங்கே?" என்றார்.

எமக்கு விடை சொல்லத் தெரியவில்லை. அந்த இரண்டு வினாக்களும் இன்றளவும் எம்மை விடவுமில்லை.

படத்தில் வரும் நராச்சி என்னும் சுரங்கம், கதாநாயகன் பிறந்த அதே இரவில், 1951இல் கண்டுபிடிக்கப்படுகிறது. சுண்ணாம்புக்கல் எடுப்பதாகச் சொல்லி ஒருவன் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, மக்களைப் பிடித்துவந்து அடைத்து, துப்பாக்கி முனையில் பொன் எடுக்கிறான். அரசுக்குத் தெரியாது, உலகுக்குத் தெரியாது. கற்பனைக்கு வரம்பு விதிக்க நாம் யார்? ஆயினும் பெயர் நம்முடையதாயிற்றே! ஜான் டெய்லர் கம்பெனியார் இங்கு வேலை தொடங்கியது 1880இல். சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது 1902இல். பெங்களூர் நகரத்துத் தெருக்களில் மின்விளக்கு எரிந்ததோ அதற்கு மூன்றாண்டு கழித்து! மைசூர் அரசு சுரங்கங்களைத் தன்னுடைமை ஆக்கியது 1956இல். பூமிக்கடியில் மூன்று கிலோமீட்டருக்கும் அப்பால், பாறையின் வெப்பம் 60 பாகையைத் தாண்டும் ஆழம் வரை கேஜில் இறங்கிச் சென்றவர்கள் நம் பாட்டன்மார். பாறை திடீரென வெடித்துச் சிதறும் என்று தெரிந்தே இறங்கினார்கள். கல்தூசி நுரையீரலில் படிந்து சிலிக்கோசிஸ் வரும் என்று தெரிந்தும் இறங்கினார்கள். கொடுமை இல்லை என்று சொல்வோமா? இருந்தது. ஆனால் அவர்கள் அடிமைகள் அல்லர். கூலி பெற்ற தொழிலாளிகள். கைரேகை பதிந்து பேரேட்டில் ஏற்றும் முறையைக் கம்பெனி கொண்டுவந்தபோது, 1930இல் வேலையை நிறுத்தி எதிர்த்து நின்றவர்கள். 1946 வேலை நிறுத்தத்தின்போது காவலர் துப்பாக்கிக்கு மார்பு காட்டி மாண்டவர்களும் அவர்களுள் உண்டு.

நராச்சி மக்களோ வானத்தை நோக்கி, ஒருவன் வந்து காப்பான் என்று காத்திருக்கிறார்கள். நம் முன்னோர் அப்படிக் காத்திருக்கவில்லை. படத்தின்மேல் எமக்குள்ள வழக்கு இது ஒன்றே. சண்டைக் காட்சிகள் மிகுதி, இரைச்சல் மிகுதி என்றெல்லாம் பிறர் சொல்வதை நாம் பெரிதாகக் கொள்ளவில்லை.

இவ்விடத்தில் கோலார் மாவட்டத்தில் பிறந்த ஒரு பெருந்தகையை நினைக்காமல் மேலே செல்ல மனம் இடம் தரவில்லை. அவர் பி.ஆர். பந்துலு. 'வீரபாண்டிய கட்டபொம்மன்' (1959), 'கப்பலோட்டிய தமிழன்' (1961), 'கர்ணன்' (1964), 'ஆயிரத்தில் ஒருவன்' (1965) ஆகிய படங்களைத் தமிழுக்குத் தந்தவர் இம்மாவட்டத்துக்காரர் என்று சொன்னால் நம் இளைஞர்கள் வியக்கிறார்கள். கன்னடத்திலும் 'ஸ்கூல் மாஸ்டர்' முதலிய நல்ல படங்களை எடுத்தார். இரு மொழிக்கும் உரியவராக வாழ்ந்த அவரை, இரு மொழிக்கும் நடுவே வாழும் நாம் உரிமையோடு கொண்டாடலாம்.

'கப்பலோட்டிய தமிழன்' வெளிவந்த காலத்தில் போட்ட பணத்தை மீட்கவில்லை. இன்றோ, வ.உ.சி. என்றால் செக்கிழுத்த சிவாஜியின் முகமே தமிழர் மனத்தில் தோன்றுகிறது. 'கர்ணன்' 2012இல் புதுப்பித்துத் திரையிடப்பட்டபோது புதுப்படம் போல ஓடிற்று. செல்வராகவன் 2010இல் எடுத்த வேறொரு 'ஆயிரத்தில் ஒருவன்' முதலில் ஏச்சுக்கு உள்ளாகிப் பின்னாளில் இளைஞர்கள் தேடித் தேடிப் பார்க்கும் படமாயிற்று. வந்த நாளில் மதிக்கப்படாமல், பிறகு ஒரு கூட்டம் நெஞ்சில் வைத்துப் போற்றும் இத்தகைய படங்களை ஆங்கிலத்தில் 'கல்ட்' படம் என்கிறார்கள். மக்கள் மறக்க மறுத்த படம் என்று நாம் சொல்லுவோம்.

பந்துலுவின் 'ஆயிரத்தில் ஒருவன்' படத்தில், வைத்தியன் மணிமாறனும் தோழர்களும் அடிமைகளாக விற்கப்பட்டுக் கன்னித் தீவுக்குச் செல்கிறார்கள். அப்படத்தை நாம் பலமுறை பார்த்திருக்கிறோம். அடிமைகள் கூடி நின்று குரல் கொடுக்கும் கட்டங்களில் நம் சுரங்கத் தொழிலாளர் ஏன் அப்படிக் கைதட்டினார்கள் என்பதற்கு யாரும் விளக்கம் கேட்கத் தேவையிருக்கவில்லை. ஆனால் அத்தகைய பந்துலுவும் தம் மாவட்டத்துச் சுரங்கத்தைப் படமாக்கவில்லை. அது நம் குறை.

இனி, 'தங்கலான்'. பா. ரஞ்சித் இயக்கத்தில் விக்ரம் நடித்து, 2024 ஆகஸ்டு 15இல் வெளிவந்த படம். 1850ஆம் ஆண்டளவில், வட ஆர்க்காட்டு வேப்பூரில் நிலத்தை இழந்த ஒரு குடும்பம். வெள்ளைக்காரத் துரை ஒருவர் பொன் தேட ஆள் கேட்கிறார்; தலைவன் சிலரோடு புறப்படுகிறான். இதைப் பார்த்தபோது எம் உடல் சிலிர்த்தது. நம்முள் பெரும்பாலோர் வீட்டில், "நம்ம ஊர் ஆர்க்காட்டுப் பக்கம்" என்று சொல்லும் பாட்டி ஒருத்தி இருந்தாள் அன்றோ? அவளைத் திரையில் கண்டோம். கணவன் கொண்டுவந்த ரவிக்கையைப் பெண்கள் முதன்முதலாக அணிந்து பூரிக்கும் காட்சி ஒன்று வருகிறது. கொட்டகையில் தாய்மார்கள் சிரித்தார்கள். சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டதையும் பார்த்தோம். தலை துண்டிக்கப்பட்ட புத்தர் சிலையும் அப்படத்தில் இடம்பெறுகிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அயோத்திதாசப் பண்டிதரின் வழி நின்று மாரிக்குப்பத்தில் பௌத்த சங்கம் கண்டவர்களின் பேரர்களுக்கு அச்சிலை வெறும் கல்லாகத் தோன்றுமா?

குறைகளும் உள. பேச்சு பல இடங்களில் செவிக்குத் தெளிவாக எட்டவில்லை. பிற்பகுதியில் மாயமும் மந்திரமும் மிகுந்து, கதை எங்கே நிற்கிறது என்று தடுமாற வேண்டியிருக்கிறது. இருந்தும், இப்படம் பத்தாண்டு கழித்து இன்று இருப்பதைவிட உயர்ந்து நிற்கும் என்பது எமது துணிபு. எம் நண்பர்களுள் இருவர் இதை ஒப்பவில்லை, பந்தயம் கட்டியிருக்கிறோம்.

நிற்க. ஒரு படம் நம் பெயரை எடுத்துக்கொண்டு, நாம் இல்லாத ஊரைக் காட்டியது. மற்றொன்று நாம் புறப்பட்ட ஊரைக் காட்டி, சுரங்கம் எழும் முன்னரே முடிந்துவிட்டது. நடுவில் உள்ள 1880 முதல், சுரங்கங்கள் மூடப்பட்ட 2001 பிப்ரவரி 28 வரையிலான காலத்துக்குப் படம் இல்லை. சைரன் ஒலிக்குக் கண்விழித்த வீடுகள், தட்டி வைத்துக் கட்டிய லைன் வீடுகள், ஷிப்டு முடிந்து கேஜ் மேலே வரும்வரை வாசலில் நின்ற பெண்கள், இவற்றுக்கு ஒரு படச்சுருளும் இல்லை.

அப்படிப்பட்ட படம் எடுக்க இயலுமா, மக்கள் பார்ப்பார்களா என்று கேட்பீர்கள். இயன்றிருக்கிறது. தேயிலைத் தோட்டத்துக்குக் கங்காணி அழைத்துச் சென்ற நம்மவர் கதையை, பி.எச். டேனியல் எழுதிய நாவலைத் தழுவி, பாலா 2013இல் 'பரதேசி'யாக எடுத்தார். இந்தியில் சஸ்நாலா நிலக்கரிச் சுரங்க விபத்தை ஒட்டி 1979இல் 'காலா பத்தர்' வந்தது. ஆனால் எமக்கு மிகவும் பிடித்தது, ஜான் ஃபோர்டு 1941இல் எடுத்த 'ஹவ் கிரீன் வாஸ் மை வேலி' என்னும் ஆங்கிலப் படம். வேல்ஸ் நாட்டு நிலக்கரிச் சுரங்கக் குடும்பம் ஒன்றின் கதை. அதில் கொள்ளைக்காரன் இல்லை, பொற்கட்டிகள் இல்லை. சம்பள நாளில் தந்தையும் பிள்ளைகளும் கரி படிந்த முகத்தோடு வீடு திரும்புகிறார்கள். தாய் வாசலில் அமர்ந்திருக்கிறாள். ஒவ்வொருவரும் கூலியை அவள் மடியில் இட்டுவிட்டு உள்ளே போகிறார்கள். அவ்வளவுதான் காட்சி! பிறகு கூலி குறைகிறது. வேலை நிறுத்தம் வருகிறது. மூத்த மகன்கள் ஒவ்வொருவராகக் கடல் கடந்து போய்விடுகிறார்கள். கழிவு மேடு பச்சைப் பள்ளத்தாக்கை மெல்ல மூடுகிறது. இறுதியில் கேஜ் மேலே வருகிறது. அதில் தந்தையின் உடலைத் தாங்கிக்கொண்டு இளைய மகன்.

மேடு நமக்கும் இருக்கிறது. காற்றடிக்கும் காலத்தில் அதன் தூசி நம் சோற்றில் விழுகிறது. பிள்ளைகள் கடல் கடக்கவில்லை, மாரிக்குப்பத்திலிருந்து விடியற்காலை ரயிலில் பெங்களூருக்குப் போய் இரவு திரும்புகிறார்கள். பலர் அங்கேயே தங்கிவிடுகிறார்கள். வேல்ஸ் நாட்டுக் குடும்பத்துக்கு ஒரு படம் வாய்த்தது. நமக்கு வாய்க்கும் நாளில், சம்பள நாள் எப்படி இருந்தது என்று இயக்குநர் ஒருவர் வந்து கேட்டால் விடை சொல்ல நம்மிடையே எத்தனை பேர் எஞ்சியிருப்பார்கள்? மூடிய நாளில் இருபது வயது இளைஞனாக உள்ளே இருந்தவனுக்கே இப்போது நாற்பதைத் தாண்டிவிட்டது.

ஆகவே சங்கத்தாரிடம் வேண்டி ஓர் ஏற்பாடு செய்திருக்கிறோம். வரும் ஞாயிறு மாலை இம்மண்டபத்தில் அந்த வேல்ஸ் நாட்டுப் படத்தைத் திரையிடுகிறோம். கதையைத் தமிழில் இடையிடையே சொல்ல நண்பர் ஒருவர் இசைந்திருக்கிறார். படம் முடிந்த பின் கலைந்துவிட வேண்டாம். சுரங்கத்தில் உழைத்த பெரியவர்கள் தங்கள் சம்பள நாளைப் பற்றிச் சொல்ல, இளைஞர்கள் கைப்பேசியில் பதிவு செய்வார்கள். பழைய சம்பளச் சீட்டு, அடையாளத் தகடு, புகைப்படம் எது இருந்தாலும் எடுத்து வாருங்கள்; படியெடுத்துக்கொண்டு அன்றே திருப்பித் தந்துவிடுவோம்.

முன்பு சொன்ன பெரியவரையும் அழைத்திருக்கிறோம். "அந்தப் படத்தில் கேஜ் உண்டா?" என்று கேட்டார். உண்டு என்றோம். வருவதாகச் சொல்லியிருக்கிறார்.