பெண் பாத்திரத்தை வெட்டுறது யார்?



வீடியோ கேம்களில பெண்களைக் காட்டுற விதம் பற்றிக் கதைக்கத் தொடங்கினால், நாங்கள் வழக்கமாக உடுப்பிலதான் நிற்கிறம். லாரா குரோஃப்டின் காற்சட்டை எவ்வளவு கட்டை, மற்றவளின் கவசம் எவ்வளவு சின்னன். தேவையான கேள்விதான். இண்டைக்கு நான் அதுக்குப் பின்னால போய்ப் பார்க்க விரும்புறன்: இந்தப் பெண்கள் உருவாகிற ஸ்டூடியோவில முடிவெடுக்கிறது யார்?

ஒரே ஒரு நிறுவனத்தை எடுப்பம். பிரான்ஸின் யுபிசாஃப்ட்.

2014இல் வந்த 'அசாசின்ஸ் கிரீட் யூனிட்டி'யை நாலு பேர் சேர்ந்து விளையாடலாம். நாலு பாத்திரமும் ஆண். ஏன் எண்டு கேட்டதுக்கு, பெண்ணை வைத்தால் அசைவு, உடுப்பு எல்லாம் இரண்டு மடங்கு வேலை எண்டு பதில் வந்தது. அதே தொடரின் மூன்றாம் பாகத்தில் அனிமேஷன் இயக்குநராக இருந்த ஜொனதன் கூப்பர், அது ஒன்றிரண்டு நாள் வேலைதான் எண்டு பகிரங்கமாகச் சொன்னார். இத்தனைக்கும் கதை நடக்கிறது பிரெஞ்சுப் புரட்சியில. 1789 ஒக்டோபரில் பாண் கேட்டு வெர்சாய்க்கு நடந்துபோய், அரசனைப் பாரிசுக்குக் கூட்டிவந்தது பெண்கள்.

2018இல் வந்த 'ஒடிஸி'யில கசாண்ட்ரா அல்லது அலெக்சியோஸ், யாரையும் தெரிவுசெய்யலாம். நல்ல முன்னேற்றம் எண்டு நினைச்சம். 2020 ஜூலையில் புளூம்பெர்க் வெளியிட்ட செய்தி வேறு கதை சொன்னது: ஆக்கியவர்கள் கசாண்ட்ராவைத் தனி நாயகியாக வைக்கத்தான் விரும்பினார்கள்; பெண் நாயகி விற்பனையாகாது எண்டு மேலிடம் மறித்ததாம்.

அதே கோடையில யுபிசாஃப்டில வேலைசெய்த பெண்கள் தங்களுக்கு நடந்த தொல்லைகளை வெளியில சொன்னார்கள். எந்த கேம் எப்படி வர வேணும் எண்டு தீர்மானிக்கிற படைப்புத் தலைமை அதிகாரி பதவி விலகினார். 2025 ஜூலையில் பாரிசுக்குப் பக்கத்திலுள்ள பொபினி நீதிமன்றம் அவர் உட்பட முன்னாள் மேலாளர்கள் மூவரைக் குற்றவாளிகளாகக் கண்டது. கிடைச்சது ஒத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை.

கேமில பெண்ணுக்கு இடமில்லாததும், ஒஃபீசில பெண்ணுக்குப் பாதுகாப்பில்லாததும் ஒரே அதிகாரப் படிநிலைக்குள்ள நடந்த விஷயங்கள். அதனால "ஒரு வலிமையான பெண் பாத்திரம் தாருங்கோ" எண்டு கேட்கிறது மட்டும் போதாது. அதை அவர்கள் தருவார்கள், பெண்ணியம் எண்டு பேர் போட்டு எங்களுக்கே விற்பார்கள்.

அந்த வழக்கில துணிஞ்சு சாட்சி சொன்ன பெண்களோட நின்றது 'சொலிடேர் இன்ஃபோர்மாதிக்' தொழிற்சங்கம். 2021 ஜூலையில், பெண்களுக்கெதிரான பாகுபாடு எண்டு கலிபோர்னிய மாநிலம் அக்டிவிஷன் பிளிசார்ட் மீது வழக்குப் போட்டபோது, அங்கத்தைய தொழிலாளர்களும் வேலையை விட்டு வெளியில இறங்கினார்கள். சம்பள விவரத்தை வெளிப்படையாக்கு எண்டதும் அவர்களின் கோரிக்கைகளில ஒண்டு.

எங்களில நிறையப் பேர் கேம் விளையாடுறம். சிலர் அந்தத் துறையிலேயே வேலை தேடுறம். விளையாடுறவை வேலைநிறுத்த நிதிக்குக் காசு சேர்ப்பம். வேலைக்குப் போறவை முதல் மாதமே சங்கத்தில சேருங்கோ.

இனி நீங்கள் கதையுங்கோ.