ரீகால் செய்தி யார் கைக்குப் போய்ச் சேருகிறது?

2021 மே மாதம், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ராயல் என்ஃபீல்டு நிறுவனம் 2,36,966 மோட்டார் சைக்கிள்களைத் திரும்ப அழைத்தது. இந்தியா, தாய்லாந்து, இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ், மலேசியா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து என ஏழு நாடுகளில் விற்பனையான புல்லட், கிளாசிக், மீட்டியார் வண்டிகள் அவை. 2020 டிசம்பருக்கும் 2021 ஏப்ரலுக்கும் இடையில் தயாரானவை. அவற்றில் பொருத்தியிருந்த இக்னிஷன் காயிலில் குறை இருந்தது. இன்ஜின் சரியாக எரியாமல் திணறலாம், இழுவை குறையலாம், அரிதாக ஷார்ட் சர்க்யூட்டும் ஆகலாம் என்று நிறுவனமே அறிவித்தது. கூடவே இன்னொன்றையும் சொன்னது: இத்தனை வண்டிகளில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவானவற்றுக்குத்தான் காயிலை மாற்ற வேண்டியிருக்கும். அந்த ஒரு பங்கில் நம் வண்டி இருக்கிறதா என்பது சர்வீஸ் சென்டரில் சோதித்துப் பார்த்தால்தான் தெரியும். ஆகவே குறையே இல்லாத ஒன்பது பேரும் வந்து நின்றால்தான் குறையுள்ள அந்தப் பத்தாவது ஆள் அகப்படுவார். ரீகால் என்ற ஏற்பாடு முழுவதும் இந்தக் கணக்கில்தான் நிற்கிறது. தயாரித்தவர் தவறை ஒப்புக்கொண்டு, செலவில்லாமல் சரிசெய்து தருகிறேன் என்று சொல்வதோடு பாதி வேலைதான் முடிகிறது. அந்தச் செய்தி இன்றைக்கு அந்த வண்டியை ஓட்டுகிறவரிடம் போய்ச் சேரவேண்டும், அவர் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தவேண்டும். இந்த மறுபாதியைப் பற்றி நாம் போதுமான அளவு பேசுவதில்லை என்பது என் கருத்து.

உடனே ஒரு கேள்வி எழும். 2022-ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அவர்களில் ஏறத்தாழ 44 விழுக்காட்டினர் இருசக்கர வண்டியில் சென்றவர்கள். இந்தச் சாவுகளுக்குப் பெரிய காரணம் வேகமும், ஹெல்மெட் போடாததும், எதிர்த்திசையில் ஓட்டுவதும்தானே, எங்கோ ஒரு காயிலையும் கம்பியையும் பற்றி இவ்வளவு கவலைப்பட வேண்டுமா? நியாயமான கேள்விதான். எண்ணிக்கையை வைத்துப் பார்த்தால் வேகம்தான் முதல் எதிரி, அதில் மாற்றுக் கருத்துக்கே இடமில்லை. ஆனால் வேகம் ஓட்டுகிறவரின் கையில் இருக்கிறது. குறைத்தால் குறையும். தயாரிப்பிலேயே நேர்ந்த குறையை எவ்வளவு கவனமாக ஓட்டினாலும் தவிர்க்க முடியாது. ஹெல்மெட் போட்டு, நாற்பதைத் தாண்டாமல், சிக்னலை மதித்துப் போகிற ஒருவரையும் அது விடாது. நிதானமாக ஓட்டுகிறவரைக்கூடக் காப்பாற்ற வேறு வழியில்லாத ஆபத்து என்பதால்தான் அதைத் தனியே எடுத்துப் பேசவேண்டியிருக்கிறது. காரில் பிரேக்கோ இன்ஜினோ பழுதானால் சுற்றிலும் இரும்புக்கூடு இருக்கிறது, சீட் பெல்ட் இருக்கிறது. பைக்கில் ஓட்டுகிறவரின் உடம்புதான் முதலில் தரையைத் தொடுகிறது.

அடுத்து வருவது எல்லா ஊரிலும் கேட்கிற பேச்சு: வண்டி நல்லாத்தானே ஓடுது, எதுக்குக் கொண்டுபோகணும்? 2021 டிசம்பரில் புதிய கிளாசிக் 350 வண்டிகளில் 26,300-ஐ அதே நிறுவனம் திரும்ப அழைத்ததை இங்கே எண்ணிப் பார்க்கலாம். பின் சக்கரத்தில் டிரம் பிரேக் உள்ள வகை அது. பின்பிரேக்கைத் தாங்கிப் பிடிக்கிற ஒரு பிராக்கெட், பிரேக் பெடலில் அளவுக்கு மீறிய அழுத்தம் விழும்போது சேதமடையக்கூடும் என்று கண்டறிந்தார்கள். அன்றாடம் கடைத்தெருவுக்குப் போய்வரும்போது அந்த அழுத்தம் விழாது. குறுக்கே ஒரு குழந்தை ஓடிவரும்போதுதான் பெடலை அப்படி மிதிப்போம். எந்த நொடியில் பிரேக் முழுமையாக வேண்டுமோ அந்த நொடி வரைக்கும் இப்படிப்பட்ட குறை தன்னைக் காட்டிக்கொள்ளாது. 2020-இல் பிரிட்டன், ஐரோப்பா, தென் கொரியா ஆகிய இடங்களில் இதே நிறுவனத்தின் சுமார் 15,200 வண்டிகளை பிரேக் காலிப்பருக்காகத் திரும்ப அழைத்தார்கள். குளிர்காலத்தில் பனி உருகுவதற்காகச் சாலையில் தூவுகிற உப்பு காலிப்பரை அரித்ததுதான் காரணம். உப்புத் தூவாத நாட்டில் வருடக்கணக்காக ஓடினாலும் அந்த வண்டியை ஓட்டியவருக்கு ஒரு வித்தியாசமும் தெரிந்திருக்காது. 2024-இல் சுசுகி நிறுவனம் இந்தியாவில் ஏறத்தாழ 3,88,000 ஸ்கூட்டர்களை அழைத்ததற்குக் காரணம், இக்னிஷனுக்கு மின்சாரம் கொண்டுபோகிற ஒரு கம்பி. அது மடங்கி மடங்கி விரிசல் விடக்கூடும். வெயில் காலம் முழுக்க ஒன்றும் தெரியாது. விரிசலில் மழைநீர் இறங்கிய பிறகுதான் தொல்லை தொடங்கும். ஓட்டுகிறவரின் அனுபவம், காது, கை எல்லாம் நல்ல துணைகள்தான். ஆனால் லட்சக்கணக்கான வண்டிகளின் புகார்களைச் சேர்த்துவைத்துப் பார்த்த பொறியாளருக்குத் தெரிவது, ஒரே ஒரு வண்டியை ஓட்டுகிறவருக்குத் தெரிய வழியில்லை.

சரி, தவறு செய்தது நிறுவனம், அலைச்சல் மட்டும் எனக்கா என்று கேட்பவரிடமும் நியாயம் இருக்கிறது. இதற்கு அமெரிக்காவில் நடந்த ஒன்றை விரிவாகவே சொல்லவேண்டும். 2008 முதல் 2011 வரை வந்த, ஏபிஎஸ் பிரேக் பொருத்திய ஹார்லி டேவிட்சன் வண்டிகளில் சிலவற்றில் பிரேக் திடீரென்று பிடிக்காமல் போனது. 43 புகார்கள், 3 விபத்துகள் என்ற அளவில் தகவல் சேர்ந்தபிறகு, 2016-இல் அந்நாட்டின் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பு விசாரணையைத் தொடங்கியது. காரணம் என்னவென்றால், பிரேக் ஆயிலை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றவேண்டும் என்று கையேட்டில் இருக்கிறது. நெடுநாள் மாற்றாமல் விட்டால் ஏபிஎஸ் வால்வில் படிவு சேர்ந்து அடைத்துக்கொள்கிறது. ஓட்டியவர்களில் பலர் ஆயிலை மாற்றவில்லை என்பதும் உண்மைதான். பராமரிக்காதவர் மேல் பழியைப் போட்டு அந்தக் கோப்பை மூடியிருக்கலாம். அப்படி நடக்கவில்லை. ஒருவர் ஆயில் மாற்ற மறந்தார் என்பதற்காக, எந்த முன்னறிகுறியும் இல்லாமல் பிரேக் முழுவதுமாகக் கைவிடுவது ஏற்கத்தக்கதா என்பதையே விசாரணை பிடித்துக்கொண்டது. 2018 பிப்ரவரியில் உலகெங்கும் சுமார் 2,51,000 வண்டிகளை நிறுவனம் திரும்ப அழைத்தது. ஓட்டுகிறவர் தன் கடமையைச் செய்யாதது தயாரித்தவரை விடுவிக்கவில்லை என்பது இதில் ஒரு பக்கம். இன்னொரு பக்கமும் இருக்கிறது. அந்த ரீகால் அறிவிப்பு வந்த நாளில் பிரேக் ஆயிலைக் காலத்தில் மாற்றிவந்தவர்கள் ஏற்கெனவே பாதுகாப்பாக இருந்தார்கள். அறிவிப்புக்காகக் காத்திருந்தவர்கள் ஆபத்தோடு ஓட்டிக்கொண்டிருந்தார்கள். யார் தவறு என்ற கேள்விக்கு நிறுவனம் பதில் சொல்லவேண்டும். நாளைக் காலையில் அந்த வண்டியில் ஏறப்போவது யார் என்பது வேறு கேள்வி, அதற்கு ஓட்டுகிறவரைத் தவிர வேறு யாரும் பதில் சொல்லமுடியாது. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் எத்தனையோ பேர் கோபத்தோடு வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள்.

இந்தியச் சட்டம் இதில் எங்கே நிற்கிறது என்று பார்ப்போம். 2012-இல் வாகனத் தயாரிப்பாளர் சங்கம் தானாகவே ஒரு நடைமுறையை வகுத்துக்கொண்டது. கட்டாயம் எதுவும் இல்லை. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டம் திருத்தப்பட்டபோதுதான் 110ஏ என்ற பிரிவு வந்தது. ஓட்டுகிறவருக்கோ, உடன் செல்பவருக்கோ, சாலையில் போகும் மற்றவருக்கோ, சுற்றுச்சூழலுக்கோ தீங்கு செய்யக்கூடிய குறை என்றால் அந்த வகை வண்டிகளையே திரும்ப அழைக்கும்படி மத்திய அரசு உத்தரவிடலாம். பணத்தைத் திருப்பித் தருவது, வேறு வண்டி தருவது, பழுதுபார்த்துத் தருவது என மூன்று வழிகளும் அதில் இருக்கின்றன. 2021 ஏப்ரல் 1 முதல் அதற்கான விதிகளும் நடைமுறைக்கு வந்தன. அரசு உத்தரவிடும்வரை காத்திருக்கிற நிறுவனத்துக்கு 10 லட்சம் முதல் 1 கோடி ரூபாய் வரை அபராதம். வண்டி உரிமையாளர் தன் புகாரைப் பதிவுசெய்ய இணையதளமும் ஏற்பட்டது. போதிய எண்ணிக்கையில் புகார்கள் சேர்ந்தால்தான் விசாரணை என்பது அந்த ஏற்பாடு. ஆக, பிரேக்கில் ஏதோ சரியில்லை என்று தெரிந்தும் பக்கத்துத் தெரு மெக்கானிக்கிடம் சரிசெய்துகொண்டு பேசாமல் இருந்துவிடுகிற ஒவ்வொருவரும் அந்த எண்ணிக்கையில் ஒன்றைக் குறைக்கிறார். இந்த விதிகளில் எனக்கு ஒரு குறையும் உண்டு. ஏழு ஆண்டுக்கு உட்பட்ட வண்டிகளுக்குத்தான் அவை பொருந்தும். அமெரிக்காவில் பதினைந்து ஆண்டு வரை இலவசமாகச் சரிசெய்து தரவேண்டும். நம் நாட்டில் ஏழு வயதான பைக்கை யாரும் பழைய இரும்புக் கடையில் போடுவதில்லை. மூன்றாவது கைக்கு மாறி, சுமை ஏற்றிக்கொண்டு கிராமத்துச் சாலையில் ஓடிக்கொண்டிருக்கும்.

எனக்கு மிகக் கவலை தருவது இந்தக் கை மாறுகிற இடம்தான். நிறுவனத்திடம் இருப்பது சேசிஸ் நம்பரும், ஷோரூமில் முதன்முதலில் வாங்கியவர் கொடுத்த செல்போன் எண்ணும். ரீகால் செய்தி அந்த எண்ணுக்குத்தான் போகும். வண்டியை விற்றவர் பதினான்கு நாளுக்குள் ஆர்டிஓ அலுவலகத்துக்குத் தெரிவிக்கவேண்டும், வாங்கியவர் முப்பது நாளுக்குள் பெயர் மாற்றிக்கொள்ளவேண்டும் என்று சட்டம் இருக்கிறது. நடப்பது என்ன? படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து மட்டும் வாங்கிக்கொண்டு, ஆர்சி புக்கை மடித்துச் சீட்டுக்கு அடியில் வைத்து ஓட்டுகிறார்கள். அபராதச் சீட்டோ, வழக்கோ வந்தால் மாட்டிக்கொள்வோம் என்ற பயத்தில்தான் விற்றவர்கூடப் பெயர் மாற்றத்தை வற்புறுத்துகிறார். ஓட்டுகிறவரின் உயிர் சம்பந்தப்பட்ட ஒரு செய்தியும் அதே பெயரைத் தேடித்தான் வரும் என்பது பேச்சிலேயே வருவதில்லை. பிரேக் லீவர் சரியில்லை என்று 2024-இல் யமஹா அழைத்த ஸ்கூட்டர்கள் சுமார் 3 லட்சம். அவற்றில் கைமாறிய வண்டிகளுக்கான குறுஞ்செய்தி, வண்டியை எப்போதோ விற்றுவிட்டவரின் போனில் வந்து, அவர் அதை அழித்துவிட்டிருந்தால் அதோடு அந்த எச்சரிக்கை முடிந்தது. பழைய வண்டி வாங்குகிறவர்கள் டயரைப் பார்க்கிறார்கள், சைலன்சர் புகையைப் பார்க்கிறார்கள், மைலேஜ் கேட்கிறார்கள். சேசிஸ் நம்பரை நிறுவனத்தின் இணையதளத்திலோ, சர்வீஸ் சென்டரிலோ கொடுத்து, செய்யாமல் விட்ட ரீகால் ஏதாவது இருக்கிறதா என்று கேட்பதற்குச் செலவே இல்லை. விற்றவருக்கும் இதில் பங்கு உண்டு. போனுக்கு வந்த செய்தியை வாங்கியவருக்கு அனுப்பிவைக்க ஒரு நிமிடம் போதும்.

வேலை கெடுமே என்பது கடைசி ஆட்சேபம். இதை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். உணவு கொண்டுபோய்க் கொடுக்கிறவருக்கும், பால் கேன் கட்டி விடியற்காலையில் ஓட்டுகிறவருக்கும் வண்டி அரை நாள் நின்றால் அன்றைய வருமானம் போச்சு. பாகம் வரவில்லை, அடுத்த வாரம் வாருங்கள் என்று திருப்பி அனுப்பினால் அடுத்த வாரம் அவர் வரமாட்டார். அவரைக் குறைசொல்லவும் முடியாது. வேலை நேரத்துக்கு வெளியே சரிசெய்து தருவதும், வீட்டு வாசலுக்கே மெக்கானிக்கை அனுப்புவதும் நிறுவனங்களின் கடமையாக விதியிலேயே எழுதப்படவேண்டும். அது வரும்வரை தள்ளிப்போடலாமா என்றால், கூடாது என்றுதான் சொல்வேன். அந்த வண்டியின் பின்சீட்டில் பிள்ளை உட்கார்ந்து பள்ளிக்குப் போகிறது. 2022 மார்ச்சில் வேலூரில் வீட்டில் இருந்த மின் ஸ்கூட்டர் தீப்பற்றி, அந்தப் புகையில் ஒரு தந்தையும் மகளும் இறந்தார்கள். அதற்கு அடுத்த மாதமே ஒகினாவா 3,215, ஓலா 1,441, பியூர் ஈவி 2,000 என்று மூன்று நிறுவனங்கள் மின் ஸ்கூட்டர்களைத் திரும்ப அழைத்தன. பேட்டரியில் குறை உள்ள ஸ்கூட்டரை மாடிப்படிக்குக் கீழே சார்ஜ் போடுகிறவர், அந்தக் கட்டடத்தில் தூங்குகிற எல்லோருக்கும் சேர்த்து முடிவெடுக்கிறார். என் வண்டி, என் இஷ்டம் என்ற பேச்சு அந்தப் படிக்கட்டில் நிற்காது.

இவ்வளவையும் தனி மனிதரின் ஞாபகசக்தியை மட்டும் நம்பி விட்டுவிடவும் கூடாது. ஜெர்மனியில் வண்டிப் பதிவேட்டில் உள்ள இன்றைய முகவரிக்கே ரீகால் கடிதம் போகிறது. ஆபத்தான குறை என்று தெரிந்தும் சரிசெய்துகொள்ளாதவரின் வண்டி சாலையில் ஓடவே தடை விதிக்க முடியும். நம் நாட்டிலும் வண்டிப் பதிவு முழுவதும் கணினியில் இருக்கிறது. ஆண்டுதோறும் இன்சூரன்ஸ் புதுப்பிக்கிறோம், புகைச் சான்று வாங்குகிறோம், வண்டி கைமாறினால் ஆர்டிஓ கவுன்டருக்குப் போகிறோம். இந்த மூன்று இடங்களிலும் வண்டி எண்ணைத் தட்டியதும், செய்யாமல் நிற்கிற ரீகால் திரையில் தெரியவேண்டும். அதைச் சரிசெய்யாமல் பெயர் மாற்றம் இல்லை என்றாக வேண்டும். ஏழை ஓட்டுநருக்கு இது இன்னொரு தொந்தரவு ஆகாதா என்று கேட்கலாம். பழுதுபார்ப்பு இலவசம், அலைச்சலுக்கு நிறுவனமே பொறுப்பு என்ற இரண்டையும் அதே விதியில் சேர்த்துவிட்டால் ஆகாது. அந்த விதி வரும்வரை, ஆர்சி புக்கில் அச்சிட்டிருக்கிற பதினேழு இலக்க சேசிஸ் நம்பரைக் கையில் வைத்துக்கொண்டு சர்வீஸ் சென்டருக்கு நாமே ஒரு போன் போட்டுக் கேட்கவேண்டியிருக்கிறது. பதில் எதுவானாலும் அதை எழுத்தில் வாங்கி, ஆர்சி புக்கோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து அந்த வண்டியை வாங்கப்போகிறவருக்கு அந்தக் காகிதம் வேண்டியிருக்கும்.