ஜெனரல் நீலும் அவர் கொடுத்த துடைப்பமும்

(எடமலைப்பட்டி புதூர் பொதுக்கூட்டத்தில் பேசியது)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம் ஜெனரல் நீல் என்னும் வெள்ளைக்காரப் பட்டாளத் தலைவரைப் பற்றியதாகும். செத்து நூற்றைம்பது வருஷத்துக்கு மேலான ஒருவரைப் பற்றி இப்போது என்ன பேச்சு என்று சிலர் கேட்கலாம். அவர் சென்னைப் பட்டாளத்து மனிதர். சென்னை மவுண்ட் ரோட்டில் 76 வருஷ காலம் சிலையாக நின்றவர். அவர் செய்த ஒரு காரியம் நம் ஜாதி முறையின் யோக்கியதையையும் சேர்த்து வெளியாக்கிவிட்டது. ஆதலால் பேச வேண்டியிருக்கிறது.

ஜேம்ஸ் நீல் 1810ல் ஸ்காட்லாந்தில் பிறந்தார். 1827ல் கம்பெனியாருடைய சென்னைப் பட்டாளத்தில் சேர்ந்தார். 1852ல் பர்மா யுத்தத்திலும், பிறகு கிரிமியா யுத்த சமயத்தில் துருக்கிப் படையிலும் வேலை பார்த்தார். 1857ல் திரும்பி வந்து சென்னை ஐரோப்பியப் பட்டாளத்துக்குத் தலைவரானார். வடக்கே சிப்பாய்கள் கிளர்ந்தெழவே, மே மாதக் கடைசியில் அப்பட்டாளத்தோடு கப்பலில் கல்கத்தா போய்ச் சேர்ந்தார். அங்கே தம் ஆட்கள் வந்து சேருமுன் ரயிலை விடப் பார்த்தார்கள் என்று ஸ்டேஷன் மாஸ்டரையும் இஞ்சின் டிரைவரையும் காவலில் வைத்து ரயிலை நிறுத்தினார். பொன்மலைப் பக்கத்து ரயில்வே தோழர்கள் இதைக் கவனிக்க வேண்டும். கையில் துப்பாக்கி இருந்தால் கால அட்டவணையும் கைதிதான்!

ஜூன் 4ந் தேதி காசி, 11ந் தேதி அலகாபாத். இவ்விரண்டு இடங்களிலும் விசாரணை என்று சொல்லத்தக்க விசாரணையில்லாமலே ஜனங்கள் தூக்கிலிடப்பட்டார்கள், கிராமங்கள் கொளுத்தப்பட்டன. இதற்குச் சமாதானமாக, "கான்பூரில் வெள்ளைக்காரப் பெண்களும் குழந்தைகளும் கொல்லப்பட்டார்களே, அதற்குப் பழி" என்று சொல்லுவோர் உண்டு. அந்தக் கொலை மகா கொடுமைதான். அதை எவரும் நியாயப்படுத்த முடியாது. ஆனால் அது நடந்தது ஜூலை 15ந் தேதி. நீல் தூக்குமரம் நட்டதோ ஜூன் மாதம். ஜூலையில் நடந்ததற்கு ஜூனிலேயே பழி வாங்குவது எப்படி? பஞ்சாங்கம் பார்க்கும் நம்மவர்கள் காலண்டரையும் சற்றுப் பார்க்கட்டும்.

பிறகு அவர் கான்பூர் வந்தார். ஜூலை 25ந் தேதி ஓர் உத்தரவு போட்டார். குற்றவாளி என்று தீர்ப்பானவன் தூக்கிலேறுமுன், அந்தக் கொலை நடந்த வீட்டின் இரத்தக்கறையில் ஒரு பாகத்தைச் சுத்தம் செய்ய வேண்டும், மறுத்தால் சவுக்கடி. முதலில் அகப்பட்டவர் ஒரு பிராமண சுபேதார். தோட்டியின் துடைப்பம் அவர் கையில் கொடுக்கப்பட்டது. மறுத்தார், அடிபட்டார், பெருக்கினார், தூக்கிலிடப்பட்டார்.

தோழர்களே! சாகப் போகிறவனை இவ்விதம் இழிவுபடுத்தியது காட்டுமிராண்டித்தனம். இதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் இந்தத் தண்டனையை நீல் எங்கிருந்து கற்றார்? சாவைவிடத் துடைப்பம் பெரிய தண்டனை என்று அவருக்குக் கற்றுக்கொடுத்தது யார்? நம் ஜாதி முறையல்லவா? மேல்ஜாதியானுக்கு ஒரு நாள் விதித்தால் சித்திரவதை. அதையே ஒரு கூட்டத்தாருக்குத் தலைமுறை தலைமுறையாக விதித்தால் அது தர்மமா? அந்தத் துடைப்பத்தை வைத்திருந்த தோட்டியின் மனதைப் பற்றி எந்தச் சரித்திரக்காரன் எழுதினான்?

1857 செப்டம்பர் 25ந் தேதி லக்னோவில் நீல் குண்டுபட்டு இறந்தார். 1861ல் சென்னையில் சிலை எழுந்தது. 1927ல் அதை அகற்றச் சத்தியாக்கிரகம் நடந்தது. கடலூர் அஞ்சலையம்மாள் முதலானோர் சிறை சென்றார்கள். 1937ல் சிலை எழும்பூர்ப் பொருட்காட்சி சாலைக்குப் போயிற்று. 2018ல் அந்தமானிலுள்ள நீல் தீவின் பெயரும் மாற்றப்பட்டது. இவையெல்லாம் சரியே.

ஆனால் சிலை போயிற்று, துடைப்பம் போயிற்றா? கையால் மலம் அள்ளுவதைத் தடுக்க 1993லும் 2013லும் சட்டங்கள் செய்தார்கள். அதற்குப் பிறகும் சாக்கடைக் குழியில் இறங்கிய மனிதர் விஷவாயுவால் செத்தார் என்ற செய்தி வந்துகொண்டேயிருக்கிறது. இறங்குகிறவர் எந்த ஜாதி என்று உங்களில் யாராவது கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறதா? கல் நீலைப் பெயர்க்கப் பத்து வருஷம் பிடித்தது. நம் மனதிலிருக்கும் நீலைப் பெயர்க்க இன்னும் எத்தனை வருஷம் வேண்டும் என்பதை நீங்களே யோசித்துச் சொல்லுங்கள்.